குமரேசன் சொல்லாத வாக்கியம்

மகனே,

குமரேசன் வீட்டுத் தறி நின்றுவிட்டது. நிறுத்தியது நீ. செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது என் தொழில் பழக்கம் என்பதால் இதையும் அப்படியே சொல்லிவிட்டேன். உன் உடல்நலம், விசா வந்த விவரம், அமெரிக்காவில் தங்கப்போகும் அறையை யாரோடு பகிர்ந்துகொள்கிறாய் என்பதெல்லாம் உன் அம்மா மூலம் எனக்குத் தெரியும். அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இதைத் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். தனியாகவும் சொன்னேன், உன் வலைப்பூவிலும் சொன்னேன். அவை இரண்டும் எங்கே போயின என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இந்த இதழின் ஆசிரியர் என்னோடு ஒரே பத்திரிகையில் வேலை பார்த்தவர். கேட்டதும் இடம் கொடுத்தார். அச்சில் வந்ததை உன்னால் அழிக்க முடியாது. அதனால்தான் அச்சைத் தேடி வந்தேன்.

இதைப் படிப்பவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாய். விடுமுறை கிடைத்தால் முதுகில் மடிக்கணினியை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறாய். சுற்றியதையும் பார்த்ததையும் 'வயர்லெஸ் வழிப்போக்கன்' என்ற பெயரில் இணையத்தில் எழுதுகிறாய். எந்த ரயில் நிலையத்தில் செல்போன் சார்ஜ் ஏற்றும் பிளக் வேலை செய்கிறது, லாரிகளின் முதுகில் என்னென்ன எழுதியிருக்கிறார்கள், கணினியில் சொருகினால் எரியும் குட்டி விளக்கு, சாட்டில் ஒரு பெண் சிரிப்புக்குறி போட்டுவிட்டுக் காணாமல் போனால் என்ன அர்த்தம், கொல்கத்தாவில் ரிக்‌ஷா இழுப்பவரின் போனில் என்ன ரிங்டோன். எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பிரவுசிங் சென்டரில், கேம் விளையாடும் பையன்களின் கூச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு பதிவு விடாமல் படித்தேன். உனக்கு எழுத வருகிறது. வராமல் இருந்திருந்தால் யாருக்கும் கெடுதல் வந்திருக்காது; எழுதியதை அம்மாவும் நானும் மட்டும் படித்துவிட்டுப் போயிருப்போம்.

இந்த இயந்திரப் பைத்தியம் உனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இயந்திரத்துக்கு எதிரி என்று உன் நண்பர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாயாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் செய்திகளை உறையில் போட்டு வேலூர் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு எஸ்.டி.டி. பூத்தில் ஃபேக்ஸ் வந்தது. என் கைப்பிரதியை அந்த இயந்திரம் மெல்ல இழுத்துக்கொள்வதை நீ மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்ப்பாய். முதல் நாள், தாள் மறுபக்கம் அப்படியே வெளியே வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, "போகலப்பா, திரும்பி வந்துடுச்சு" என்று அழுதாய். பூத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நம் ஆரணியில் பிரவுசிங் சென்டர் திறந்த வாரமே உன்னைக் கூட்டிப்போனது நான். கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. அதே தட்டச்சில்தான் இப்போது உன்மேல் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இணையத்தோடு சண்டை எதுவும் இல்லை. சண்டை உன்னோடு.

இனி குமரேசன். அவர் வீடு நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. எனக்கு அவரைப் பிடிக்காது. காலையில் எஃப்.எம். ரேடியோவைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். மொபெட்டை நம் கேட்டுக்கு நேராக நிறுத்துவார், எடுக்கச் சொன்னால், "இன்னா ரிப்போர்ட்டரே, ஒங்க வீட்டு கார் வெளியே வரணுமா?" என்பார். நம்மிடம் கார் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பேப்பரை இரவல் வாங்கிப்போய் அதன்மேல் டீ டம்ளரை வைத்துத் திருப்பித் தருவார். அவருக்காகப் பரிந்து பேசும் ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் அவர் பட்டு நெய்வதில் கெட்டிக்காரர். கல்யாண முகூர்த்தங்களுக்கு முன்னால், புது பார்டர் வைத்த சேலையை யாரிடம் முதலில் நெய்யக் கொடுக்கலாம் என்று யோசிக்கும் முதலாளி நடராஜன், குமரேசனைத்தான் கூப்பிடுவார். டிசைன் முதலாளியுடையது. பாவு என்கிற நீள நூல் கட்டும், டிசைனைத் துளைபோட்ட அட்டையும் முதலாளி கொடுப்பவை. கடைக்கு வரும்வரை அந்த பார்டர் வெளியில் தெரியக் கூடாது. அதற்காக நம் தெருவில் எல்லாத் தறியிலும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். வெளி ஆள் உள்ளே காலை வைத்தால், தறியில் இருப்பவர் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையால் அந்தத் துணியை இழுத்து, நெய்த பகுதியை மூடிவிடுவார். வந்தவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு ஆட்களுக்கு மட்டும் மூடுவதில்லை. நீ இந்தத் தெருவில் பிறந்தவன். உனக்காக யாரும் துணியை இழுத்ததில்லை.

பொங்கலுக்கு வந்திருந்தாய். மறுநாள் காலையில் புது டிஜிட்டல் கேமராவோடு ஊரைச் சுற்றினாய். குமரேசன் அப்போது செய்யாரில் இருந்தார். தங்கை வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோயிருந்தார். வீட்டில் அவர் மனைவி வசந்தா மட்டும். அன்று நடந்ததை, பின்னால் விவகாரம் வெளியே வந்த பிறகு, அவர் நம் வீட்டுச் சமையலறையில் நின்று, உன் அம்மாவும் நானும் கேட்கச் சொன்னார். குறிப்பெடுத்துக்கொண்டேன். வார்த்தை மாற்றாமல் தருகிறேன்.

"தம்பி வந்து, 'அக்கா, சும்மா பாத்துட்டுப் போறேன்'னுச்சு. துணிய எடுன்னு அது சொல்லல, நானாத்தான் எடுத்தேன். நம்ம தம்பிதானே. அப்புறம் கேமராவ நீட்டுச்சு. 'ஐயையோ, போட்டோல்லாம் வேணாம் தம்பி, அவரு வந்தா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு'ன்னேன். 'எங்க அம்மாகிட்ட காட்டத்தான்க்கா, நாளைக்கு என் கல்யாணத்துக்கு இதே மாதிரி எடுக்க வேணாமா'ன்னு சிரிச்சுகினே எடுத்துச்சு. கல்யாணம்னதும் எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. காபி போட உள்ள போயிட்டேன், அண்ணா. எத்தினி எடுத்துச்சுன்னுகூட பாக்கல."

உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். நீ அவளுக்கு எந்தப் படத்தையும் காட்டவில்லை.

சென்னைக்குத் திரும்பிய வாரமே 'ஆரணியில் ஐந்து ஆச்சரியங்கள்' என்று ஒரு பதிவு போட்டாய். மூன்றாவது ஆச்சரியம் குமரேசன் வீட்டுத் தறி. அந்தப் பகுதியை இங்கே அப்படியே தருகிறேன்: "தறிக்காரர் ஒரு மந்திரவாதியைப் போல வெள்ளைத் துணியை உருவினார். உள்ளே ஒரு மயில் தோட்டம்! படம் எடுக்கலாமா என்று நான் தயங்க, 'தாராளமா எடுத்துக்கோ தம்பி, ஒலகமே பாக்கட்டும்!' என்று மீசையை முறுக்கினார் குமரேசன்." இதில் நான் சரிபார்த்தவரை உண்மை ஒன்றுதான்: பார்டரில் மயில்கள் இருந்தன. துணியை எடுத்தது குமரேசன் இல்லை. குமரேசன் ஊரிலேயே இல்லை. குமரேசனுக்கு மீசையே கிடையாது.

கீழே பின்னூட்டங்கள். 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று ஒருவர் ஓடிவந்து இடம் பிடித்திருக்கிறார். 'கலக்கல் தல' என்று ஒருவர். 'ஒலகமே பாக்கட்டும் – கண்ணுல தண்ணி வந்துடுச்சு பாஸ்' என்று இன்னொருவர் அழுதிருக்கிறார். பெயர் போடாத ஒருவர், 'பார்டர் குளோசப் பெரிய சைஸில் கிடைக்குமா?' என்று கேட்டிருக்கிறார். 'உங்களுக்கு இல்லாததா!' என்று சொல்லி, பெரிய படத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறாய், பக்கத்தில் கண்ணடிக்கும் குறி. யாருடைய பொருளை யாருக்கு எடுத்துக் கொடுத்தோம் என்று அந்த நேரத்தில் உனக்கு ஒரு கணமாவது தோன்றியதா? நண்பர்கள் முன்னால் தாராளமாக இருப்பது உனக்குப் பிடிக்கும். உன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் நானும் பாராட்டியிருப்பேன்.

சித்திரை முடிவதற்குள் அதே மயில் பார்டர் வைத்த விசைத்தறிச் சேலைகள் சென்னைக் கடைகளில் தொங்கின. நடராஜனின் சேலை அப்போது கடைக்கே போகவில்லை. யார் நெய்தார்கள், யார் கணினியில் கட்டம் போட்டு அட்டை தயாரித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். உன்னிடம் பெரிய படம் கேட்டவர்தான் செய்தார் என்றும் நான் சொல்லவில்லை. அந்தச் சேலைகள் வருவதற்கு முன்னால் அந்த பார்டர் வெளியே தெரிந்த ஒரே இடம் உன் பக்கம் என்பதை மட்டும் சொல்கிறேன். வேலூரில் படிக்கும் நடராஜனின் மகன் ஏதோ தேடப்போய் உன் பதிவைக் கண்டுபிடித்து, அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தான்.

நடராஜனின் ஆட்கள் குமரேசன் வீட்டுக்கு வந்தபோது நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். குமரேசனின் குரல் ரேடியோவை மீறிக் கேட்டது.

"எவன் கையிலயும் குடுக்கல. தறி மேல கை வெச்சே, நடக்கறதே வேற."

கணக்குப்பிள்ளை தாளை நீட்டினார். "'ஒலகமே பாக்கட்டும்'னு நீ சொன்னியா இல்லியா?"

"யாருகிட்ட?"

"உம் பேரு போட்டிருக்குதுப்பா. கொட்டை எழுத்துல."

"எம் பேரு எவன் வேணாலும் போடுவான். ரேஷன் கடையிலகூடத்தான் போட்டிருக்கான்."

கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். குமரேசன் என்னைப் பார்த்துவிட்டார். "ரிப்போர்ட்டரே, இங்க வா. உம் புள்ள எழுதினதாம். நீ படிச்ச ஆளாச்சே, படிச்சுச் சொல்லு, நான் எப்ப சொன்னேன்?"

அதுவரை என் கண்ணில் படாத அந்தப் பதிவைத் தெரு நடுவில் நின்று படித்தேன். நாற்பது வருடங்கள் மற்றவர்கள் எழுதியதைத் தெருவில் நின்று படித்திருக்கிறேன்; அறிக்கைகள், நோட்டீஸ்கள், மொட்டைக் கடிதங்கள். என் வீட்டில் எழுதியதைப் படித்தது அன்றுதான் முதல் தடவை. முடிந்த சேலையை அறுத்து எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாவை அவிழ்த்துச் சுருட்டினார்கள். அட்டைக் கட்டை இறக்கினார்கள். வசந்தா வாசற்படியில் உட்கார்ந்து, தான்தான் துணியை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. புருஷனைக் காப்பாற்ற அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

உனக்கு இதன் அர்த்தம் தெரியும் என்றாலும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தறி வேலை தெரியாதவனுக்குக்கூட இந்த ஊரில் பாவு கிடைக்கும். டிசைனை விற்றவன் என்று பெயர் வாங்கியவனுக்குக் கிடைக்காது. குமரேசன் நான்கு முதலாளிகளிடம் போனார். ஒருவர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, இல்லை என்றார். மற்றவர்கள் உட்காரச் சொல்லவில்லை. டீக்கடையில் அவருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. "வாப்பா ஒலகமே பாக்கட்டும், டீ சொல்லட்டா?" என்கிறார்கள். நீ கற்பனையில் செய்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் ஊர் இன்று அவரைக் கூப்பிடுகிறது.

நான் நடராஜனிடம் போனேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சார், ஒங்க மேல மரியாதை இருக்குது. ஆனா நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கல. வசந்தா சொன்னாங்க."

"பொண்டாட்டி புருஷனுக்குத்தானே சொல்லும். குமரேசன் அன்னிக்குச் செய்யார்ல இருந்தான்னு யார் சொன்னது? அவன் தங்கச்சி. சரி, தங்கச்சியும் அண்ணனுக்குத்தானே சொல்லும். அங்க இருந்தவரு ஒருத்தரு, எழுதினவரும் அவரேதான். அவரு வந்து, 'இது நானா இட்டுக்கட்டினது'ன்னு சொல்லட்டும். இல்லியா, எழுதின எடத்துலயே எழுதட்டும். அன்னிக்கே பாவு கட்டி அனுப்பறேன். போட்டோ எடுத்ததுக்குக்கூட நான் ஒங்க புள்ளய ஒண்ணும் கேக்கல சார். காசு வாங்கிகினு காட்டினானா இல்லியா, அது எனக்குத் தெரியணும். அவன் கையில என் சரக்க மறுபடி குடுக்கணும்ல?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். எழுத்தில் வந்த தவறை எழுத்தில்தான் மறுக்க வேண்டும் என்று செய்தி ஆசிரியர்களிடம் நானே எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன்.

அன்று மாலை உனக்குப் போன் செய்தேன். நீ விமான டிக்கெட் விஷயமாக அவசரத்தில் இருந்தாய்.

"அப்பா, பிளாக்னா பேப்பர் மாதிரி இல்லப்பா. ஒரு ஃப்ளோல வர்றது. யாரும் அதை சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க."

எடுத்துக்கொண்டார்கள் என்றேன்.

"காப்பி அடிச்சவன விட்டுட்டு என்னைப் புடிக்கறீங்க. அவ்ளோ ரகசியம்னா டிசைன பதிவு பண்ணி வெச்சிருக்கணும். சரி விடுங்க, பேஜார் பண்ணாதீங்க. அந்த வரிய எடுத்துடறேன்."

"எடுக்காத. அது பொய்னு அதுக்குக் கீழயே எழுது."

"இருங்க, யோசிக்கறேன்" என்றாய். பிறகு சொன்னாய்: "அப்படி எழுதினா, இவன் எழுதறதெல்லாமே கதைதான்னு ஆயிடும்பா. என் கிரெடிபிலிட்டி போயிடும்."

அந்த ஆங்கிலச் சொல்லை நான் பிறகு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பகத்தன்மை. அது உனக்கு இருக்கிறது, போய்விடக்கூடும், போனால் கஷ்டம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. குமரேசனுக்கும் அது ஒன்று இருந்தது. உன்னுடையது போகாமல் இருக்க அவருடையது போனால் பரவாயில்லை என்று நீ கணக்குப் போட்டாய். யோசிக்காமல் செய்த தவறு என்றால் நான் இந்த அளவுக்கு வந்திருக்க மாட்டேன். யோசித்துவிட்டுத்தான் மறுத்தாய்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய், உன் பதிவின் கீழே மூன்று வரி எழுதினேன். திட்டவில்லை, நடந்ததை மட்டும் எழுதினேன். உங்கள் பின்னூட்டம் மட்டுறுத்தலுக்குக் காத்திருக்கிறது என்று திரையில் வந்தது; நீ பார்த்து அனுமதித்தால்தான் அது வெளியாகும். நானும் காத்திருந்தேன். அதே பதிவில் ஒருவர் உன் கேமரா என்ன மாடல் என்று கேட்டார். அந்தக் கேள்வி வெளியானது, அதற்கு நீ பதிலும் எழுதினாய். ஆக, நீ அங்கே வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாய். அடுத்த முறை போய்ப் பார்த்தபோது தலைப்பு மாறியிருந்தது. 'ஆரணியில் நான்கு ஆச்சரியங்கள்.' மூன்றாவதைக் காணோம். நான்காவது மூன்றாவதாக ஏறி உட்கார்ந்திருந்தது. குமரேசன் என்று ஒருவர் உன் பக்கத்தில் வந்துபோன தடமே இல்லை. "எடுத்துட்டேன்மா, பிரச்சினை ஓவர்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். முதலாளியின் மேசையில் அச்செடுத்த தாள் இருக்கிறது. டீக்கடையில் பட்டப்பெயர் இருக்கிறது. மறுப்பு எழுதுவதற்கு இருந்த ஒரே இடத்தைத்தான் நீ எடுத்தாய்.

இதற்குப் பிறகு உன் பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி படித்தேன். கொல்கத்தா ரிக்‌ஷாக்காரர், ராஜஸ்தானில் ஒட்டகம் ஓட்டுபவர், கோவாவில் மீன் விற்கும் அம்மாள், கொல்லிமலையில் உனக்கு வழி சொன்ன ஆள். ஒவ்வொருவரும் பதிவின் கடைசியில் ஒரு வாக்கியம் சொல்கிறார்கள். எல்லாம் அழகான வாக்கியங்கள். வங்காளியும் மார்வாடியும் கொங்கணியும் எல்லோரும் உன்னைப் போலவே பேசுகிறார்கள், உன்னைப் போலவே ஜோக் அடிக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கு இது தட்டுப்படவில்லை. மகன் எழுதியது என்பதால் கண்ணாடியைச் சரியாகத் துடைக்காமல் படித்திருக்கிறேன். இத்தனை மாநிலம் சுற்றி வந்தாய். ஒரு மனிதரையாவது அவர் வாயால் பேச விட்டாயா?

ஊர் சுற்றி எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எழுதிய ஊரில் மறுநாள் அவன் இருக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வசதி கிடைத்ததே இல்லை. நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவர் மறுநாள் காலை பால் பூத்தில் எனக்கு முன்னால் நிற்பார். வந்தவாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருவார். ஒரு இனிஷியல் மாறிப்போனதற்கு ஒரு ஆள் வீட்டு வாசலுக்கே வந்து கத்தியிருக்கிறார்; அடுத்த நாள் திருத்தம் வரும்வரை தினமும் வந்தார். அவர் பெயர் பக்கத்தில் என் தவறு ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர் செய்தது சரி. அந்தப் பயத்திலேயே எழுதப் பழகினேன். உன் வாசகர்கள் யாரும் உன் வாசலுக்கு வர முடியாது. அதைச் சுதந்திரம் என்று நீ ஒரு பதிவில் எழுதியிருக்கிறாய்.

நீ ஏழாவது படிக்கும்போது, விடுமுறையில் உன்னைப் பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குச் செய்தி எடுக்கக் கூட்டிப்போனேன். மழையில் சுவர் இடிந்து ஒரு குடும்பத்தின் மாடுகள் செத்திருந்தன. அந்த வீட்டு அம்மாளிடம் ஏதேதோ கேட்டுப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதுவீங்க?" என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் எழுதுவேன் என்றேன். "நல்லாவே இருக்காதேப்பா. 'என் புள்ளைங்க மாதிரி வளத்தேனே'ன்னு அழுதாங்கன்னு போடுங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, பையனின் சாமர்த்தியத்தைப் பார் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நான் சிரித்ததைத்தான் நீ அன்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "ஒத்தப் புள்ள, ஏரோப்ளேன் ஏறப் போவுது. ஆசீர்வாதம் பண்ண வேண்டிய நேரத்துல ஊருக்கெல்லாம் தண்டோரா போடறீங்க" என்கிறாள். பிறகு அவளே, "ஒரு வரிதானே. எழுதிட்டுப் போனா இன்னா கொறஞ்சிடப் போறான்" என்கிறாள். அவளும் உன்னிடம் சொல்லிப் பார்த்தாள். "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா, எதையாவது புடிச்சுகினு தொங்குவாரு" என்று சொன்னாயாம். வயதாகிவிட்டது உண்மை. விமான நிலையத்துக்கு அவள் வருவாள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டத் தொடங்கிவிட்டாள். நான் வர மாட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உனக்குக் கை காட்டிவிட்டு, திரும்பி இந்தத் தெருவுக்குத்தான் நான் வர வேண்டும். வந்ததும், "புள்ள நல்லபடியா ஏறிட்டாரா, அண்ணா?" என்று வசந்தா கேட்பார். அவர் கேட்கக் கூடியவர்தான். அதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

குமரேசன் இப்போது கம்பெனி பஸ்ஸில் செய்யாருக்கு ஷிப்டுக்குப் போகிறார். பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ரேடியோ சத்தம் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டில் பார்த்து, இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். பெயரைப் போட மாட்டேன், 'ஒரு தறிக்காரர்' என்று மட்டும் எழுதுவேன், மேலும் சங்கடம் வேண்டாம் என்றேன். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்டார். எழுந்துகொள்ளவில்லை.

"ஏன், பேரு போட்டா இன்னா?"

"உனக்குத்தாம்பா கஷ்டம்."

"பொய்ய எழுதசொல்ல எம் பேரு வேணும். நெசத்த எழுதசொல்ல மட்டும் 'ஒரு தறிக்காரரா'? நல்லாக்கீதுய்யா ஒங்க அப்பன் புள்ள நியாயம். போடு. முழுசா போடு. தெரு பேரும் சேத்துப் போடு."

சரி என்றேன்.

"உம் புள்ள பேரு போடுவியா?"

குறிப்பு நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"போட மாட்டே. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சொன்னபடியே உன் பெயரை நான் எழுதவில்லை. பிள்ளைப் பாசம் என்று அவர் நினைக்கிறார், நினைக்கட்டும். நான் எழுதினால் அது அப்பன் மகன்மேல் சொன்ன புகார். நடராஜன் அதை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. அவருக்கு அது போதவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த முறையில், ஒரு செய்திக்குத் திருத்தம் எழுதுவதைப் போல எழுதி வைக்கிறேன்.

ஆரணி, பிள்ளையார் கோயில் பின்தெருவில் இருக்கும் தறிக்காரர் குமரேசன், தன் தறியில் இருந்த சேலையை யாருக்கும் காட்டவில்லை. அன்று அவர் வீட்டில் இல்லை. 'ஒலகமே பாக்கட்டும்' என்று அவர் சொல்லவில்லை; அது எழுதியவர் இட்டுக்கட்டியது.

இதன் கீழே என் கையெழுத்து செல்லாது. அன்று அங்கே இருந்தது நீ.